எல்ஃப் கதைகளை எங்கே தொடங்குவது? புதிதாக வருபவருக்கு ஒரு வாசிப்பு வரிசை

ஐரோப்பியக் கதைகளில் வரும் எல்ஃப் என்றதும் நீண்ட காது, பொன்னிறக் கூந்தல், குறி தப்பாத வில் ஆகியவைதான் இன்று பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. சினிமாவும் வீடியோ கேமும் பழக்கிவிட்ட உருவம் அது. அதை மனதில் வைத்துக்கொண்டு பழைய நாட்டார் கதைகளுக்குள் போனால் குழம்பிப்போவீர்கள். அங்கே காதைப் பற்றிப் பேச்சே இருக்காது. அம்பு இருக்கும், ஆனால் அது பாய்வது அரக்கர்மேல் அல்ல, குடியானவரின் மாட்டின்மேல்.

எல்ஃபை அழகிய வீரனாகவோ குட்டித் தேவதையாகவோ நினைக்காமல், கண்ணுக்குத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரராக நினைத்துத் தொடங்குவதே நல்ல வழி என்பது என் எண்ணம். அவர்களுக்கும் வீடு, மாடு, பிள்ளைகள், பண்டிகை எல்லாம் உண்டு. நம் நிலமும் அவர்கள் நிலமும் ஒட்டிக் கிடப்பதால் கொடுக்கல் வாங்கல் வந்தே தீரும், தகராறும் வரும். ஸ்காட்லாந்துக் கிராமத்தார் இப்படிப்பட்டவர்களைப் பெயர் சொல்லி அழைக்க அஞ்சி, ‘நல்ல அண்டை வீட்டார்’ என்றே குறிப்பிட்டார்கள். ஆகவே எந்தக் காலத்துக் கதையை எடுத்தாலும் ஒரு கேள்வியைக் கையில் வைத்திருங்கள்: இந்த மனிதர் அந்த அயலாருக்கு என்ன கடன்பட்டார், அதைத் தீர்த்தாரா? கீழே உள்ள வரிசை முழுக்க இந்தக் கேள்வியை வைத்துப் போட்டதுதான்.

இவற்றில் பெரும்பாலானவற்றை ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டியிருக்கும். பழைய தொகுப்புகள் பல காப்புரிமை முடிந்தவை. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும் என்பதால் காசு செலவழிக்காமலே பாதி வழி போய்விடலாம்.

1. முதலில் ஐஸ்லாந்து

காலவரிசைப்படி பார்த்தால் ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸின் கவிதைகளில் தொடங்க வேண்டும். அப்படிச் செய்யாதீர்கள். அங்கே எல்ஃப்கள் ஓரிரு வரிகளில் தலைகாட்டி மறைந்துவிடுவார்கள். புதியவருக்குப் பிடி கிடைக்காது. முழுக் கதைகளாக, ஆளும் ஊரும் சம்பவமுமாகக் கிடைப்பது ஐஸ்லாந்தில்தான். அங்கே இவர்களுக்கு ஹுல்டுஃபோல்க் என்று இன்னொரு பெயரும் உண்டு, மறைந்து வாழும் மக்கள் என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் யோன் ஆர்னசன் என்பவர் நாடு முழுவதிலுமிருந்து இக்கதைகளைத் திரட்டினார். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் செய்த வேலை அவருக்குத் தூண்டுதல். அவருடைய தொகுப்பு இரண்டு பெரிய பாகங்களாக 1862லும் 1864லும் லைப்சிக் நகரில் அச்சானது. அதிலிருந்து எடுத்து ஜார்ஜ் பவலும் எய்ரிக்கூர் மாக்னுசனும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1864லும் 1866லும் வந்தது, அது இலவசம். மொழி கொஞ்சம் பழையது. நூலகத்தில் ஜாக்குலின் சிம்ப்சன் 1972ல் கொண்டுவந்த தொகுப்பு கிடைத்தால் அதையே எடுங்கள், குறிப்புகள் தெளிவாக இருக்கும்.

தொகுப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். இந்த நான்கை மட்டும் தேடிப் படியுங்கள்.

முதலாவது, தோற்றக் கதை. கடவுள் ஆதாம் ஏவாள் வீட்டுக்கு வருகிறார். ஏவாள் குளிப்பாட்டிய பிள்ளைகளைக் காட்டுகிறாள்; குளிப்பாட்டாத பிள்ளைகளை வெட்கப்பட்டு ஒளித்துவைத்துவிட்டு, வேறு பிள்ளைகள் இல்லை என்கிறாள். என்னிடமிருந்து மறைக்கப்பட்டவர்கள் மனிதரிடமிருந்தும் மறைந்தே இருக்கட்டும் என்கிறார் கடவுள். அவர்களின் வம்சம்தான் ஹுல்டுஃபோல்க். இதன்படி அவர்கள் பேயுமல்ல, தேவதையுமல்ல. நமக்குப் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். இந்த உறவை மறக்காமல் மற்றக் கதைகளைப் படித்தால் நிறைய விஷயம் விளங்கும்.

இரண்டாவது, மருத்துவச்சி கதை. ஐஸ்லாந்து மட்டுமல்ல, வட ஐரோப்பா முழுக்க இதன் வடிவங்கள் உண்டு. பிரசவ வலியில் தவிக்கும் எல்ஃப் பெண்ணுக்கு உதவ மனிதப் பெண் ஒருத்தியை இரவில் அழைத்துப் போகிறார்கள். பிள்ளையின் கண்ணில் தடவக் கொடுத்த தைலத்தை அவள் தன் ஒரு கண்ணிலும் தடவிக்கொள்கிறாள். அதிலிருந்து மறைந்த மக்கள் அவள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். பிறகொரு நாள் கடைத்தெருவில் அந்த எல்ஃப் பெண்ணைப் பார்த்து நலம் விசாரிக்கிறாள். எல்ஃப் பெண் அந்தக் கண்ணில் துப்ப, பார்வை போகிறது. உதவிக்குக் கூலி கிடைத்தது. கேட்காமல் எடுத்துக்கொண்டதற்குத் தண்டனையும் கிடைத்தது. இரண்டும் தனித்தனிக் கணக்கு.

மூன்றாவது, ஹில்டூர் என்ற எல்ஃப் அரசியின் கதை. ஒரு பண்ணையில் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் இரவிலும் வேலையாள் ஒருவன் படுக்கையிலேயே செத்துக் கிடக்கிறான். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஹில்டூர் மட்டும் நன்றாக இருக்கிறாள். புதிதாக வந்தவன் தூங்குவதுபோல் நடிக்க, அவள் அவனுக்குக் கடிவாளம் பூட்டி, அவன்மேல் சவாரி செய்து ஒரு பிளவு வரை போய், அவனை விட்டுவிட்டு அதன் வழியாகக் கீழே இறங்கிப் போகிறாள். அவன் பின்தொடர்கிறான். கீழே அவளுக்குக் கணவன் இருக்கிறான், பிள்ளைகள் இருக்கிறார்கள். மாமியார் இட்ட சாபத்தால் ஆண்டுக்கு ஓர் இரவுதான் அவர்களைப் பார்க்க முடியும், அதற்கு ஓர் உயிரைப் பலியாக ஓட்டிவர வேண்டும். கொலைகாரி என்று நினைத்தவளின் துயரம் தெரியவரும் அந்த இடத்தை அவசரப்படாமல் படியுங்கள். எல்ஃப் கதைகளில் இதற்கு இணையானது எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

நான்காவது மிகச் சிறியது. புத்தாண்டுக்கு முந்தின இரவில் எல்ஃப்கள் வீடு மாறுவார்கள் என்பது நம்பிக்கை. அன்று நாற்சந்தியில் போய் அசையாமல் உட்கார்ந்தால் அவர்கள் வந்து பொன்னும் துணியும் உணவும் நீட்டுவார்கள். விடியும்வரை வாயே திறக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது. தாங்கிவிட்டால் எல்லாச் செல்வமும் உட்கார்ந்தவருக்கே. ஃபூசி என்பவன் எல்லாவற்றையும் தாங்கினான். கடைசியில் ஆட்டுக்கொழுப்பை நீட்டினார்கள். இதை நான் வேண்டாமென்றதில்லை என்று சொல்லிக் கடித்தான். அதோடு புத்தி பேதலித்துப்போனான். பொன்னுக்கு மயங்காதவன் கொழுப்புக்கு மயங்குகிறான் என்றால், அந்தக் குளிரிலும் பஞ்சத்திலும் வாழ்ந்தவர்களுக்குக் கொழுப்பு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே இரவில் வீட்டுக்காரப் பெண் வீட்டைச் சுற்றி வந்து, வர விரும்புவோர் வரட்டும், போக விரும்புவோர் போகட்டும், எனக்கும் என்னவர்க்கும் தீங்கில்லாமல் என்று சொல்லும் வழக்கமும் இருந்தது. அயலாரோடு வாழ்வதற்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் எனக்குத் தெரியவில்லை.

2. ஒரு நோட்டு வையுங்கள்

படிக்கும் ஒவ்வொரு கதைக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: எல்லை எங்கே (பாறை, மேடு, நாற்சந்தி, ஆறு), விலை என்ன, எந்த விதி உடைந்தது. பத்துக் கதைகளுக்குப் பிறகு புரட்டிப் பார்த்தால், பெயரும் தேசமும் மாறினாலும் ஒரே மாதிரியான எல்லைகளும் விலைகளும் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அப்புறம் நவீன நாவல் ஒன்றைப் படிக்கும்போது, ஆசிரியர் எதை எங்கிருந்து எடுத்தார் என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

3. செய்திகளை அப்படியே நம்பாதீர்கள்

இணையத்தில் தேடினால் ஐஸ்லாந்தில் எல்ஃப்களுக்காகச் சாலையை நிறுத்தினார்கள் என்ற செய்தி முதலில் வந்து நிற்கும். விஷயம் அவ்வளவு எளிதல்ல. தலைநகர் ரெய்க்யாவிக் அருகே கால்காரைன் என்ற எரிமலைக் குழம்பு நிலத்தின் வழியே சாலை போட முனைந்தபோது 2013ல் பெரிய போராட்டம் நடந்தது. போராடியவர்களின் முதன்மையான கவலை இயற்கைப் பாதுகாப்பு. எல்ஃப்களின் தேவாலயம் என்று கருதப்பட்ட பாறை அதில் ஒரு பகுதிதான். கடைசியில் சாலையும் வந்தது. சுமார் 70 டன் எடையுள்ள அந்தப் பாறையை 2015ல் பத்திரமாக இடம் மாற்றி வைத்தார்கள். கோபவோகூர் நகரில் ஆல்ஃப்ஹோல் என்ற மேட்டின் அருகே சாலை குறுகிப்போவதை இன்றும் பார்க்கலாம்.

ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் நாட்டாரியல் ஆய்வாளர் டெர்ரி கன்னல் 2006-07ல் நடத்திய கருத்துக்கணிப்பில், எல்ஃப்கள் இருப்பது உறுதி என்றவர்கள் சிலரே. இருக்கவே முடியாது என்று அடித்துச் சொன்னவர்களும் சிறுபான்மைதான். இடையில் நின்ற அந்தப் பெரும்பான்மையைக் கேலி செய்கிற கட்டுரைகளை ஒதுக்குங்கள். நாலு தலைமுறைக் கதை ஒட்டியிருக்கும் பாறையை வெடிவைக்கத் தயங்குவது மூடத்தனம் இல்லை. அது நிலத்தின்மேல் வைக்கும் மரியாதை.

4. இப்போது பின்னோக்கிப் போங்கள்

பழைய நார்ஸ் இலக்கியத்தில் எல்ஃப்களின் பெயர் ஆல்ஃபார். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்நோர்ரி ஸ்டுர்லுசன் எழுதிய எட்டா என்ற நூலில், சூரியனைவிட ஒளி மிகுந்த எல்ஃப்கள், மண்ணுக்கடியில் வாழும் கருத்த எல்ஃப்கள் என்று இரு பிரிவு வருகிறது. இன்றைய விளையாட்டுகளின் கரிய எல்ஃப்களுக்கெல்லாம் தூரத்து வேர் இதுவே. ஆனால் ஸ்நோர்ரி எழுதியது ஐஸ்லாந்து கிறித்தவத்துக்கு மாறி இருநூறு ஆண்டுகளுக்கு மேலான பிறகு. தேவதூதர், சாத்தான் என்ற பிரிவினை அவருடைய வகைப்படுத்தலில் கலந்திருக்கலாம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அவர் சொன்னதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்தவை இரண்டு சிறிய சான்றுகள். 11ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சிக்வாட் என்ற அரசவைக் கவிஞர் நார்வேயிலிருந்து ஸ்வீடனுக்குப் பயணம் போகிறார். ஒரு பண்ணையில் இடம் கேட்க, உள்ளே எல்ஃப்களுக்குப் பலியிடும் சடங்கு நடக்கிறது, ஓடின் தெய்வத்தின் கோபத்துக்கு அஞ்சுகிறேன், உள்ளே வராதே என்று ஒரு பெண் விரட்டிவிடுகிறாள். அதை அவரே பாட்டாகப் பாடியிருக்கிறார். இன்னொன்று கோர்மாக் சாகா என்ற பழைய ஐஸ்லாந்து உரைநடைக் கதையில் வருகிறது. காயம் ஆறாத ஒருவனிடம், எல்ஃப்கள் வசிக்கும் மேட்டின்மேல் காளையின் இரத்தத்தைப் பூசு, இறைச்சியை அவர்களுக்கு விருந்தாக வை, குணமாகும் என்று ஒரு பெண் சொல்கிறாள். இங்கே எல்ஃப்கள் வேடிக்கைக் கதைப் பாத்திரங்கள் அல்லர். வேண்டுதலுக்கு உரியவர்கள்.

இதே காலத்து இங்கிலாந்தில் கதை வேறு. பேவுல்ஃப் காவியம் எல்ஃப்களை, பைபிளில் தம்பியைக் கொன்ற காயீனின் வம்சத்து அரக்கர்களோடு சேர்த்துப் பட்டியலிடுகிறது. திடீரென்று விலாவில் குத்தும் வலிக்கு எல்ஃப் எய்த அம்பு காரணமாக இருக்கலாம் என்று நம்பினார்கள். அதற்கான மந்திரம் ஒன்று லக்னுங்கா என்ற மருத்துவச் சுவடியில் இருக்கிறது. மூலிகைகளை வெண்ணெயில் காய்ச்சி, குட்டி ஈட்டியே வெளியே வா என்று ஓதுவது. பின்னாளில் ஸ்காட்லாந்தில், வயலில் கிடைத்த கற்கால அம்பு முனைகளைக் காட்டி, மாட்டைச் சாய்த்தது இதுதான் என்றார்கள். இந்தப் பகுதியில் ஆழமாகப் போக நினைத்தால் அலாரிக் ஹால் 2007ல் எழுதிய ஆய்வு நூல் இருக்கிறது. தொடக்கத்தில் அவசியமில்லை.

5. பாட்டைக் காதால் கேளுங்கள்

ஸ்காட்லாந்தின் கதைப்பாடல்களை விட்டுவிட்டு யாரும் எல்ஃப் கதையைப் படித்ததாகச் சொல்ல முடியாது. ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை வெளியிட்ட தொகுப்பில் 305 பாடல்கள் உள்ளன. உங்களுக்கு வேண்டியவை 37, 39 ஆகிய இரண்டு எண்கள்.

39ஆவது டாம் லின். செல்கர்க் ஊரை அடுத்த கார்ட்டர்ஹா காட்டுக்குள் போகும் ஜேனட், எல்ஃப் அரசி கவர்ந்துபோன டாம் லினைக் காதலிக்கிறாள், கருவுறுகிறாள். ஏழாண்டுக்கு ஒருமுறை அந்த அயலுலகம் நரகத்துக்கு வரி கட்ட வேண்டும். இந்த முறை வரியாகப் போகப்போவது தானோ என்று அவன் அஞ்சுகிறான். மீட்க ஒரே வழி, ஹாலோவீன் இரவில் ஊர்வலம் வரும்போது அவனைக் குதிரையிலிருந்து இழுத்து, என்னவாக மாறினாலும் விடாமல் பிடித்திருப்பது. அவன் பாம்பாகிறான், கொடிய விலங்காகிறான், பழுக்கக் காய்ச்சிய இரும்பாகிறான். ஜேனட் கையை விடவில்லை. எல்ஃபுக்கு எதிராக மனிதரிடம் உள்ள ஒரே ஆயுதம் விடாப்பிடிதான் என்று இந்தப் பாட்டு சொல்வதாக எனக்குப் படுகிறது. ஸ்காட்ஸ் மொழியின் எழுத்து மிரட்டும். அதனால் முதலில் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் இசைக்குழு 1969ல் பாடிய வடிவத்தைக் கேளுங்கள், அப்புறம் வரிகளைப் பாருங்கள்.

37ஆவது, எல்ஃப் அரசியோடு ஏழாண்டு போய்வந்த தாமஸின் பாடல். டென்மார்க்கில் இதற்கு இணையாக ஓலாஃபின் பாட்டு உண்டு: திருமணத்துக்கு முன் குதிரையில் போகிறவன் எல்ஃப் பெண்ணோடு ஆட மறுத்து உயிரை விடுகிறான்.

ராபர்ட் கிர்க் என்ற பாதிரியார் 1690களின் தொடக்கத்தில் எழுதிய சிறுநூலையும் இங்கேயே முடித்துவிடலாம். அபெர்ஃபாயில் ஊரில் இருந்த அவர், மறைந்த மக்களின் வாழ்க்கையை ஓர் அண்டை நாட்டைப் பற்றி எழுதுவதுபோல் நிதானமாக விவரிக்கிறார். காலாண்டுக்கு ஒருமுறை அவர்கள் குடிமாறுவார்கள் என்கிறார். ஐஸ்லாந்தின் புத்தாண்டு இரவு நினைவுக்கு வருகிறதா? 1692ல் அவர் இறந்தபோது, அவர் சாகவில்லை, அவர்களே கொண்டுபோய்விட்டார்கள் என்று ஊர் பேசியது.

6. குட்டியாகிப்போன காலத்தைத் தாண்டிவிடுங்கள்

ஷேக்ஸ்பியர் காலத்திலிருந்து இங்கிலாந்தில் எல்ஃப்கள் சுருங்கத் தொடங்கினார்கள். பூவுக்குள் உறங்கும் அளவுக்குச் சிறுத்து, விக்டோரியா காலத்தில் சிறகும் முளைத்து, கிறிஸ்துமஸ் தாத்தாவின் பட்டறை வரை போய்விட்டார்கள். தெரிந்துகொண்டால் போதும். இதில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

7. டன்சனி, பிறகு டோல்கீன்

நவீன மிகைப்புனைவுக்குள் (ஃபேண்டஸி) டன்சனி பிரபு 1924ல் எழுதிய ‘தி கிங் ஆஃப் எல்ஃப்லேண்ட்ஸ் டாட்டர்’ நாவல் வழியாக நுழையுங்கள். எர்ல் என்ற ஊரின் பெரியவர்கள் தங்களை மந்திர சக்தியுள்ள தலைவன் ஆள வேண்டும் என்று கேட்கிறார்கள். இளவரசன் எல்லை கடந்து போய் எல்ஃப் அரசன் மகளைக் கூட்டிவருகிறான். கேட்டது கிடைத்தால் என்ன ஆகும் என்பது மீதிக் கதை. அந்தி வெளிச்சத்தாலான எல்லையை அவர் வருணிக்கும் பக்கங்களுக்காகவே படிக்கலாம்.

ஆங்கில எழுத்தாளர் டோல்கீனுக்கு வரும்போது பலர் அவருடைய சில்மரிலியன் நூலை முதலில் எடுத்து, பெயர்க் காட்டில் வழிதவறி, பாதியில் வைத்துவிடுகிறார்கள். வரிசை இப்படி இருக்கட்டும். 1937ல் வந்த ஹாபிட் நாவலில் இருண்ட காட்டு அத்தியாயத்தைக் கவனியுங்கள்: பசியோடு வருபவர்கள் எல்ஃப் விருந்தின் தீ வெளிச்சத்துக்குள் கால் வைத்ததும் எல்லாம் அணைந்து இருளாகிறது. அழைக்காமல் நுழைந்ததற்கு அதுவே பதில். நாட்டார் கதையின் சட்டம் அப்படியே இருக்கிறது. அடுத்து 1954-55ல் வெளியான லார்ட் ஆஃப் தி ரிங்ஸ். அதில் லோத்லோரியன் காட்டிலிருந்து வெளியே வந்த சாம் என்ற பாத்திரம், நிலவைப் பார்த்து நாள்கணக்கு இடிக்கிறதே என்று குழம்பும் இடத்தை விடாதீர்கள். அயலுலகில் நேரம் வேறாக ஓடும் என்ற பழைய நம்பிக்கை அது. சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், அந்த நாவலில் எல்ஃப்களின் காது கூர்மையானது என்று எங்குமே எழுதப்படவில்லை.

சில்மரிலியன் அவர் இறந்த பிறகு, 1977ல், மகன் கிறிஸ்டோபரால் பதிப்பிக்கப்பட்டது. அதில் முதலில் பெரன், லூத்தியன் அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். பழைய கதைகளில் மனிதர்தான் அந்தப் பக்கம் இழுக்கப்படுவார். இங்கே லூத்தியன் என்ற எல்ஃப் பெண், தான் காதலித்த மனிதனுக்காகச் சாவை ஏற்று இந்தப் பக்கம் வருகிறாள். டோல்கீனின் எல்ஃப்களுக்கு முதுமையால் சாவில்லை; உலகம் உள்ளவரை உலகத்தோடு கட்டுண்டு கிடக்க வேண்டும், அன்பு வைத்த எல்லாம் அழிவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அச்சத்துக்குரிய அயலாரைத் துயரத்துக்குரியவராக அவர் மாற்றியது இந்த இடத்தில்தான். ஆக்ஸ்ஃபோர்டின் வோல்வர்கோட் கல்லறைத் தோட்டத்தில் மனைவியின் பெயருக்குக் கீழே லூத்தியன் என்றும் அவர் பெயருக்குக் கீழே பெரன் என்றும் பொறித்திருக்கிறது.

8. எதிர்த்தரப்பையும் கேளுங்கள்

டோல்கீனோடு நின்றுவிட்டால் எல்ஃப் என்றாலே உயர்ந்தவர் என்ற எண்ணம் படிந்துவிடும். 1954லேயே போல் ஆண்டர்சன் ‘தி புரோக்கன் ஸ்வோர்ட்’ எழுதினார். அதில் எல்ஃப் பிரபு ஒருவன் மனிதக் குழந்தையைத் திருடி, மாற்றுக் குழந்தையை வைத்துவிட்டுப் போகிறான். அதனால் இரண்டு வாழ்க்கைகளும் நாசமாகின்றன. எல்ஃப்கள் அழகானவர்கள், இரும்பைத் தொட முடியாதவர்கள், இரக்கம் அறியாதவர்கள். டெர்ரி பிராட்செட் 1992ல் எழுதிய ‘லார்ட்ஸ் அண்ட் லேடீஸ்’ இதே கருத்தை இன்னும் தெளிவாக வைக்கிறது: அவர்களின் வசீகரத்தில் மயங்கி, அவர்கள் செய்ததை மறந்துவிடுகிறோம். இரண்டில் ஒன்றுதான் முடியுமென்றால் பிராட்செட்டை எடுங்கள்.

9. விளையாட்டும் ஜப்பானும்

1974ல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆட்டக்காரர் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு எல்ஃபை ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் ஓர் இனமாக்கியது. அது பலருக்கும் கதவைத் திறந்தது. ஆனால் அயலார் நம் அணியில் ஒருவரானதும் அச்சமும் கடனும் கதையிலிருந்து கழன்றுகொண்டன. பின்வந்த பல நாவல்களில் எல்ஃப் வெறும் நீளக்காது மனிதராகத் தெரிவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் காது முயல் காதளவுக்கு நீண்டது ஜப்பானிய ஓவியர்களின் கையில்.

அதே ஜப்பானிலிருந்துதான் 2020ல் தொடங்கிய ஃப்ரீரென் மாங்கா (சித்திரக்கதை) வருகிறது. 2023ல் அனிமேவாகவும் வந்தது. பேரரக்கனை வென்ற குழுவில் இருந்த எல்ஃப் மந்திரவாதி ஃப்ரீரென். பத்தாண்டுப் பயணம் அவளுக்குக் கண்சிமிட்டும் நேரம். ஐம்பது ஆண்டு கழித்துத் திரும்பிவந்து பார்க்கும்போது தலைவன் ஹிம்மெல் முதியவனாகியிருக்கிறான், விரைவில் இறந்தும்போகிறான். இவனைத் தெரிந்துகொள்ள முயலவே இல்லையே என்று அடக்கத்தின்போது அழுகிறாள். கடன் இங்கே திசை மாறிவிட்டது: இம்முறை மனிதருக்குக் கடன்பட்டவள் எல்ஃப். முதல் சில அத்தியாயங்களை மட்டுமாவது பாருங்கள்.

இதுவரை வந்த பிறகு கை பரபரக்கும். சொந்தமாக ஒரு பக்கக் கதை எழுதிப் பாருங்கள். நோட்டில் இருப்பதிலிருந்து ஓர் எல்லை, ஒரு விலை, ஒரு விதி எடுத்துக்கொள்ளுங்கள். எல்ஃபின் தோற்றத்தை வருணிக்காதீர்கள். எழுதத் தோன்றவில்லையென்றால் கேத்தரின் பிரிக்ஸ் 1976ல் தொகுத்த தேவதைக் கதை அகராதியை நூலகத்தில் தேடுங்கள். அகரவரிசையில் இருக்கிறது, எந்தப் பக்கத்தைத் திறந்தும் தொடங்கலாம்.